புகைவீட்டில் பெயர் கூப்பிட்ட அஞ்சலை அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, அலோர் ஸ்டாரில் என் மளிகைக் கடையில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பீடோங்கிலிருந்து பஸ்ஸில் வந்த பழைய கூட்டாளி கோவிந்தன் வாசலிலேயே நின்றான். “அக்கா போயிட்டாங்கண்ணே,” என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் குடியை விட்ட எங்களுக்கு ஒரே அக்காதான்.

அஞ்சலை அக்காவைத் தெரிந்த நீங்கள் அவரைப் பற்றி நல்லது நிறையச் சொல்வீர்கள். நான் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நான் சைக்கிளில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்சு விற்றவன். மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சிய மட்டச் சாராயம். விற்றதில் பாதிக்குப் பாதி நானே குடித்தேன். ஒருநாள் விழித்தால் எதிர்ச்சுவர் பால்போல மங்கித் தெரிந்தது. மத்தியானம்தான் தெளிந்தது. அந்தச் சரக்கில் இரண்டு பேருக்குக் கண் போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று சாயங்காலமே குடித்தேன்.

அந்த வாரம்தான் என் நல்ல வாடிக்கை மாரிமுத்து கையை விரித்தான். “வேணாம் முதலாளி, விட்டுட்டேன். ஞாயித்துக்கெழம புகைவீட்டுல அக்கா கூட்டம் போடுது. நீங்களும் வாங்க லா.” என் வியாபாரத்தைக் கெடுப்பது யார் என்று பார்க்கத்தான் போனேன்.

ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கட்டடம் அது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் அடுப்பு அணைந்து கிடந்தது. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. பலகை இடுக்கில் நாலைந்து வெளிச்சக் கீற்று. தரையில் எட்டுப் பேர் இருந்தார்கள். முகம் தெரியவில்லை. அக்கா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர். தானும் கள்ளுக்கடையில் ஆண்களோடு வரிசையில் நின்றதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

“விக்க வந்தியா தம்பி, விட வந்தியா?”

“சும்மா பாக்க வந்தேன்.”

“கண்ணு தெரியிறப்பவே பாத்துக்க.”

யாரோ சிரித்தார்கள். என் கண் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே வழக்கம் எளிது. அக்கா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். “இருக்கேன், தொடல” என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் குடித்தவன் “இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வான். திட்டு கிடையாது. அடுத்த பெயர். முதல் இரண்டு மாதம் நான் “இருக்கேன்” மட்டும்தான் சொன்னேன்.

பிறகு ஜப்பான்காரன் லாரி வந்தது. சயாமில் ரயில்பாதை போட மாரிமுத்துவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா அவன் பெயரை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார்.

“இல்லாதவன ஏங்க்கா கூப்பிடுறீங்க?” என்றேன்.

“கூப்பிடாம விட்டா, எங்க வர்றதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

ஒரு ஞாயிறு, “மாரிமுத்து” என்றார். மூலையிலிருந்து, “இருக்கேங்க்கா” என்று வந்தது. தொண்டை கட்டினாற்போல, அவன் குரல். எல்லோரும் கேட்டோம். மூலையில் ஷீட் தொங்கப்போடும் மூங்கில் கழிகள்தான் கிடந்தன. அக்கா நெடுநேரம் காத்திருந்தார். பிறகு மெல்ல, “தொடலன்னு சொல்லலியே,” என்றார்.

அவன் செத்துவிட்டான் என்று எங்களுக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு படையல் வைத்தோம். செத்தவனுக்குப் பிடித்ததை வைத்துக் கதவைச் சாத்துவோம். அவன் வந்து உண்ணும்வரை வெளியே இருப்போம். பிறகு படைத்ததை நாங்கள் பங்கிட்டுக்கொள்வோம். நான் ஒரு போத்தல் சம்சு கொண்டுபோனேன். தொடாமல் எனக்கு அன்று பதினோராம் நாள். உண்மையைச் சொல்கிறேன், மாரிமுத்துவுக்காகக் கொண்டுபோகவில்லை. படையலில் வைத்ததைக் குடித்தால் அது குடியாகாது என்று மனம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது.

“அவனுக்குப் புடிச்சது இதான லா,” என்றேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் நாக்கும் என் நாக்குதானே.

அக்கா சண்டை போடவில்லை. போத்தலுக்குப் பக்கத்தில் தகரக் குவளையில் கறுப்புக் காப்பி வைத்தார். “அவன் எத எடுக்கிறானோ, அதையே நாமளும் குடிப்போம். சரிதான?”

சரி என்றோம். போத்தல் மூடியை நானே திறந்து வைத்தேன்.

வெயிலில் உட்கார்ந்தோம். அக்கா என் பக்கத்தில். கட்டடத்துக்கு ஒரே கதவு. யாரும் எழுந்திருக்கவில்லை. காற்றுகூட இல்லை. உள்ளே ஒரு கழி உருளும் சத்தம் ஒரே ஒரு முறை கேட்டது.

கதவைத் திறந்தோம். போத்தலில் சரக்கு கழுத்துவரை அப்படியே இருந்தது. குவளை காலி. தரையில் ஈரமில்லை. நான் விரலை விட்டுப் பார்த்தேன். குவளை சூடாக இருந்தது.

அக்கா போத்தலை எடுத்து என்னிடமே நீட்டினார். “ஒன் சரக்கு, தம்பி.”

வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தேன். மண் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு விற்கவும் இல்லை.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து, கடை வைத்து, பல வருஷம் கழித்து ஒருநாள் கேட்டுவிட்டேன். “அந்தக் குவள ஓட்டையாக்கா? இல்ல, உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சீங்களா?”

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “தெரிஞ்சா என்ன பண்ணுவ? மறுபடி குடிப்பியா?”

முகர்ந்து பார்க்காமல், கிள்ளிப் பார்க்காமல் நான் எந்தப் பொருளையும் வாங்கியதில்லை. இந்த ஒன்றை மட்டும் மேற்கொண்டு விசாரிக்காமல் விட்டேன். விடை தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளும் போன வாரம் போய்விட்டார். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சந்தேகம்தான். அது இருக்கிறவரை நான் குடிக்கப்போவதில்லை.