குவித்துக் கொளுத்தினால் உரமா? நான் எழுதியது தப்பு

ஏப்ரலில் ஒடுகத்தூர்ப் பக்கம் போய் வந்து இங்கே எழுதியிருந்தேன். வனத்துறையினர் காட்டோரமாக எரித்த நிலப்பட்டை ஒரே மழையில் பச்சைப் பசேலென்று ஆனதைப் பார்த்துவிட்டு, "சாம்பலைவிட உரம் இல்லை, காட்டோரம் நிலம் இருந்தால் குவித்துக் கொளுத்துங்கள்" என்று அளந்துவிட்டேன். அந்தப் பச்சையை மறுபடி பார்க்கத்தான் இந்த ஞாயிறு கிளம்பினேன்.

ஆம்பூரில் காலை 6.10க்குப் பேருந்து. மாதனூரில் மாறி ஒடுகத்தூர் சேர எட்டு மணி, மொத்தம் 38 ரூபாய். ஷேர் ஆட்டோவில் மலையடிவாரம் வரை 30 ரூபாய், பிறகு மூன்று கிலோமீட்டர் நடை. வழியில் டீக்கடை கிடையாது, குடித்துவிட்டே கிளம்புங்கள்.

போன முறை எனக்குக் கூழ் ஊற்றிய செல்வி அக்காவின் சாமை நிலம் காட்டை ஒட்டி இருக்கிறது. பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. நிலம் முழுக்கக் கருப்பு வட்டங்கள், நடுவில் செங்கல் நிறத்தில் மண்.

"இன்னாக்கா ஆச்சு?"

"நீ எழுதனத எம் பொண்ணு போன்ல படிச்சிக் காட்டுச்சு தம்பி. மண்டிக் கெடந்த உண்ணிச்செடிப் பொதர வெட்டி ஆள் ஒசரம் குவிச்சுக் கொளுத்தினேன். ரெண்டு நாளு எரிஞ்சிது."

ஐயையோ! குனிந்து மண்ணைப் பார்த்தேன். தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங்தான் என் வேலை. தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று தினமும் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் சாம்பலை விலக்கி, இரண்டு விரல் ஆழம் தோண்டி ஒரு சொட்டு விட்டேன். இறங்கவே இல்லை. வாட்டர்புரூஃப் ஷூவில் நிற்பது மாதிரி உருண்டு நின்றது.

அந்தப் பக்கமாக வந்த ஃபாரஸ்ட் வாட்சர் விஷயத்தைக் கேட்டுக் கடுப்பாகிவிட்டார். "நாங்க தீ பரவாம இருக்கத்தான் எரிக்கிறோம், உரத்துக்கு இல்ல. காலைல, காத்துக்கு எதிரா, சருக மட்டும் லேசா. குவிச்சா சூடு ஜாஸ்தி. தழைச்சத்து பொகையா போய்டும். எலையில இருக்கிற மெழுகு மண்ணுக்குள்ள எறங்கி ஒறைஞ்சிடும். அப்புறம் தண்ணி எங்க எறங்கும்?"

பதினொன்றரைக்கு மழை வந்தது. மிச்சமிருந்த சத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாம்பல் கருப்பாக ஓடைக்கு ஓடியது. அக்கா விதைப் பையை அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம். மேல் நிலத்துக்காரரும் குவிச்சு வெச்சிருக்காரு. மழ விட்டுக் காஞ்சதும் கொளுத்தறாராம். வேணாம்னு நான் சொன்னா, 'நெட்டுலயே போட்டிருக்கு'ன்றாரு."

ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றபடியே இதைத் தட்டுகிறேன். போகிறவர்கள் மாலை 5.20 பேருந்தை விடாதீர்கள், தீப்பெட்டி எடுத்துப் போகாதீர்கள். எரிந்த நிலம் வைத்திருப்பவர்களை, வட்டங்களைக் கொத்திவிட்டுச் சருகும் சாணி எருவும் போடச் சொன்னார் வாட்சர். பழைய பதிவை அழித்துவிட்டேன்.

மேல் நிலத்து அண்ணே, நெட்டில் போட்டது நான்தான். எனக்கு விவசாயம் ஒன்றும் தெரியாது. செல்வி அக்கா நிலத்தை ஒரு முறை இறங்கி வந்து பாருங்கள். கொளுத்தாதீர்கள்.