ஏழாம் நம்பருக்கு உயிர்

மைக் செட் தொழிலில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஹாரன் கட்டியிருக்கிறேன். கபடிப் போட்டி என்றால் மட்டும் மைக்கை யாரிடமும் தரமாட்டேன். வர்ணனை நானேதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தொண்ணூற்றைந்திலிருந்து ஏறக்குறையப் பத்து வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரே டீம்தான் ராஜா. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து முந்திரிக்காட்டு ஆட்கள். பூலாம்பாடி, செட்டிகுளம் என்று எங்கே ஆடினாலும் கப்பு அவர்களுக்குத்தான். "இவனுங்க வந்துட்டானுங்களா? அப்ப நாம ரெண்டாவது பரிசுக்கு ஆடுவோம்" என்று மற்ற டீம்கள் என் காதுபடவே சொல்லும்.

அந்த டீமுக்கு ஏழாம் நம்பர் கொளஞ்சி. கபடி பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். அவன் அப்பா ராமசாமி எப்போதும் என் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில்தான் உட்காருவார். எங்கள் ஊர்க் கபடியில் அவுட் ஆனவனைச் 'செத்தான்' என்போம். அவன் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். அவன் டீம் எதிராளி ஒருவனை அவுட்டாக்கினால் இவனுக்கு 'உயிர்' வரும், உள்ளே ஓடி வருவான். "கொளஞ்சி செத்தான்" என்று நான் கத்தினால் ராமசாமி சிரிப்பார். "இருங்க தம்பி, இப்ப உயிர் வந்துரும் பாருங்க" என்பார். வந்துவிடும்.

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி மோதிக் கொளஞ்சி போய்விட்டான்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் செட்டிகுளத்தில் போட்டி. ராமசாமி மகனுடைய ஏழாம் நம்பர் பனியனைக் கொண்டுவந்து புது ஆட்டக்காரனுக்குத் தானே மாட்டிவிட்டார். கேப்டன் மாரிமுத்து என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, அவரு உக்காந்திருக்காரு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க. அவுட்டுன்னே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். "ஏழாம் நம்பர் அவுட்." பிறகு, "ஏழாம் நம்பர் உள்ளே." ராமசாமி என் கையைப் பிடித்தார்.

"ஏன் தம்பி மாத்திச் சொல்றீங்க?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"செத்தான்னே சொல்லுங்க. வூட்ல நாள் பூரா அதைத்தானே கேக்குறேன். உயிர் வந்துருச்சுன்னு இங்க மட்டுந்தான் சொல்லுவாங்க. அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்."

அடுத்த முறை அந்தப் புது ஆட்டக்காரன் பிடிபட்டபோது, "ஏழாம் நம்பர் செத்தான்" என்றேன். மாரிமுத்து என்னை எரிப்பதுபோலப் பார்த்தான். ராமசாமி முன்னால் சாய்ந்து காத்திருந்தார். உயிர் வரவில்லை. அவன் வெளியே உட்கார்ந்திருக்கும்போதே கடைசி விசில் ஊதிவிட்டார்கள். அந்த டீம் தோற்று அன்றுதான் பார்த்தேன். ராமசாமி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த மேட்ச் எங்க தம்பி?"

அந்த டீமுக்கு அடுத்த மேட்ச் இல்லை. மாரிமுத்து சிங்கப்பூர் போனான். மற்றவர்களும் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மைக் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்கிறவர் மனசு நோகுமென்று நீங்களாகவே வார்த்தையை மாற்றாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். ராமசாமி அதற்கப்புறமும் போட்டிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். யார் யாரோ ஆடினார்கள். எந்த ஊர் டீமாக இருந்தாலும், ஏழாம் நம்பருக்கு உயிர் வந்தால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி வைத்துத்தான் சொல்வேன்.