வெல்ல மண்டி மோட்டார் சைக்கிள்

இஞ்சின் என்ற ஒன்றை வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததே, அது கெட்டுப்போனால் நசருல்லாவுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகத்தான். சண்டையில் ஜெர்மன்காரன் தோற்றதற்கும் பெரிய மனிதர்கள் சொல்லுகிற காரணம் எதுவும் இல்லை; அவனுடைய டாங்கிகளைப் பழுது பார்க்க நசருல்லா போகவில்லை, அவ்வளவுதான். மலைமேல் முருகன் வாகனத்துக்கு இன்னும் ரிப்பேர் வரவில்லை. வந்தால் குருக்களே படியிறங்கி வந்து நசருல்லாவைக் கையோடு கூட்டிப் போவார்.

திருத்தணி பஜாரில் இப்படியெல்லாம் பேசிக்கொண்டார்கள் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசியது நசருல்லாவேதான். அந்த வாயால்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

அவருக்குச் சொந்த ஊர் அரக்கோணம். யுத்தத்தின்போது ஆவடியில் ராணுவ லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை கற்றவர். ஒல்லியான ஆள், விரல்கள் மட்டும் யாரோ தடியனிடம் இரவல் வாங்கியவை போல இருக்கும். சண்டை முடிந்து ராணுவம் தன் பழைய சாமான்களை ஏலம் போட்டபோது, திருத்தணி வெல்ல மண்டிக்காரர் பக்தவச்சலம் ஆவடிக்குப் போய் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பச்சைப் பெயின்ட் உரிந்து, முன்விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையோடு நின்ற வண்டி. திருத்தணி ஸ்டேஷனிலிருந்து அதைக் கட்டை வண்டியில் ஏற்றி வந்தபோது, பூட்டியிருந்த மாடுகளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டனவாம். அதைச் சரிபண்ணித் தருவதற்காக நசருல்லாவும் கூடவே வந்தார். கொஞ்ச நாள் வேலைதான், பிரசவத்துக்குள் வந்துவிடுவேன் என்று மனைவி மதீனா பீவியிடம் சொல்லியிருந்தார்.

மண்டிக்காரர் வீட்டுக் கொல்லையில் காலி வெல்லப் பானைகளை அடுக்கி வைக்கிற தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதுவே நசருல்லாவுக்குப் பட்டறை, படுக்கை எல்லாம். அங்கே சாக்கை விரித்து வண்டியைப் பிரித்துப் போட்டார். எந்தச் சாமானும் கிடைக்காத காலம். எண்ணெய் கசிகிற இடத்துக்கெல்லாம் பழைய செருப்புத் தோலை வெட்டி வைத்தார். கிளட்சில் தேய்ந்து போயிருந்த கார்க்குகளுக்குப் பதிலாக மருந்து புட்டிகளின் கார்க்கைச் சீவிப் பொருத்தினார். பெட்ரோல் டாங்க்கின் நசுங்கலை உள்ளேயிருந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். வேலையில் குறை சொல்ல முடியாது. வேலை பாதியில் இருக்கும்போதே துளசிங்கத்தின் டீக்கடைக்குப் போனதுதான் குறை.

"இன்னா பாய், உன் வண்டி முனகவாவது முனகுதா?" என்று துளசிங்கம் கேட்டார். டீக்கடையில் டீயைவிடச் சூடாக விற்பது துளசிங்கத்தின் கேலி.

"முனகறதா? சிங்கமாட்டம் கத்தும் பாரு!" என்று நசருல்லா எழுந்து நின்றுவிட்டார். "மொதலாளி இதுல ஏறி ஒண்டியா மலையடிவாரம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவாரு. அது வரைக்கும் நான் இந்த ஊர் எல்லையத் தாண்ட மாட்டேன். தாண்டினா என் பேரு நசருல்லா இல்ல. மெக்கானிக்குன்னு எவனும் என்னைக் கூப்பிட வாணாம்."

மண்டிக்காரரும் அங்கேதான் இருந்தார். ஊரே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு மார்பு ஒரு சுற்று பெருத்தது. "ஆங்! ஓட்டிக் காட்டறேன். ஆடிக் கிருத்திகைக்கு எல்லாரும் வந்து பாருங்கடா!" என்றார்.

வண்டி கிளம்பத்தான் செய்தது. கொட்டகைக்குள் நசருல்லா உதைத்த உதையில் அது போட்ட சத்தத்தில் மண்டிக்காரர் மனைவி கௌரியம்மாள் இட்லித் தட்டோடு தெருவுக்கு ஓடினாள். ஆனால் ஆடிக் கிருத்திகையன்று மாலை போட்டு, சூடம் காட்டி, மண்டிக்காரர் கோட்டு மாட்டி ஏறி உட்கார்ந்ததும், வண்டி இரண்டு இருமல் இருமி அடங்கிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ பிசுக்கு. ரேஷன் கூப்பனுக்கு வாங்கிய பெட்ரோலில் கலப்படம் என்று நினைத்து நசருல்லா சுத்தம் செய்தார். தீபாவளிக்கும் அதேதான் நடந்தது. பொங்கலுக்கும் அதேதான். முந்தின நாள் பாடிய வண்டி, கூட்டம் கூடினதும் ஊமையானது.

இதற்குள் அரக்கோணத்தில் பெண் குழந்தை பிறந்து, கவிழ்ந்து, தவழத் தொடங்கியிருந்தது. நசருல்லா பார்க்கவில்லை. அரக்கோணம் அடுத்த ஊர். ரயிலில் ஏறி உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடும். சாயங்காலங்களில் அரக்கோணம் சாலையில் ரயில்வே கேட் வரைக்கும் நடப்பார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஊர் எல்லை முடிந்தது என்று கணக்கு. கேட் திறந்திருந்தாலும் இந்தப் பக்கமே நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். "பாய், கேட்டு தொறந்துதான் கீது," என்று கேட்காரன் சொல்லிப் பார்த்தான். "தெரியும்பா," என்பார். யாரும் கட்டிப் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கட்டிப் போட்டிருந்தால் அவிழ்க்கவாவது பார்க்கலாம்.

மாசியில் ஒரு நாள், டாங்க் மூடியைச் சுற்றி எறும்பு சாரை போவதைப் பார்த்தார். பெட்ரோல் டாங்க்கை எறும்பு மொய்த்து உலகத்தில் முதலில் கண்டவர் நசருல்லாவாகத்தான் இருக்கவேண்டும். மூடி ஓரத்தில் ஒட்டியிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தார். வெல்லம்.

மண்டியில் வெல்லம் திருடாத பையன் அந்தத் தெருவில் கிடையாது. ஆகவே அன்று மாலை தெருப் பையன்கள் அத்தனை பேர் காதுகளும் நசருல்லாவின் இரவல் விரல்களுக்குள் ஒரு சுற்று வந்து போயின. ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது?

அந்த வாரத்தில்தான் மதீனா பீவி வந்தாள். வந்தாள் என்றால் இறங்கவில்லை. புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அரக்கோணம் திரும்புகிற ரயிலில் இருந்தாள். முன்கூட்டியே ஆள் சொல்லி அனுப்பியிருந்ததால் நசருல்லா பிளாட்பாரத்தில் நின்றார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"அத்தாவைப் பாரு," என்றாள். குழந்தை பார்த்தது. பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற வேர்க்கடலைக்காரனைப் பார்த்துச் சிரித்தது.

"எறங்கேன். ஒரு நாள் இருந்துட்டுப் போலாம்," என்றார்.

"எங்க? பானைக் கொட்டாயிலயா? பொண்டாட்டி ஒருத்தி அங்க ஏற்கெனவே நின்னுகினு கீறா, ரெண்டு சக்கரத்தோட." மதீனாவின் குரல் உடனே இறங்கியது. "சத்தார் அண்ணன் ரயில்வே ஷெட்டுல உங்களுக்காகச் சொல்லி வச்சிகீது. பிட்டர் வேலை. வர்ற திங்கக்கெழமை வரைக்கும்தான் எடம் நிக்குமாம். அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவாங்க. இப்பவே ஏறிக்குங்களேன்."

நசருல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டார். கார்டு விசில் ஊதினார்.

"நீங்க ஏற மாட்டீங்க. நான் எறங்க மாட்டேன். நடுவுல இது," என்று அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "நாளைக்கு இது நடக்க ஆரம்பிச்சிடும். உங்க வண்டிக்கு முன்னாடி இது ஓடிடும், பாருங்க."

ரயில் நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்த நசருல்லா, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் புறப்பட்டவர், தொப்பியை மறந்து பாதி வழியில் திரும்பினார். கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மண்டிக்காரர் பக்தவச்சலம் குந்தி உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்திலிருந்து வெல்லத்தூளை டாங்க்குக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். சாமிக்குப் படைக்கிறவர் போல அவ்வளவு கவனம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கதவைச் சாத்துடா," என்றார் மண்டிக்காரர்.

நசருல்லா சாத்தினார். கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மண்டிக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேல் வழித்துக் காட்டினார். இரண்டு முட்டியிலும் பழைய காயம்.

"வண்டி வந்த வாரமே, நீ ஆவடிக்குச் சாமான் வாங்கப் போனப்ப, சரிவுல உருட்டிகினு ஏறிப் பார்த்தேன். விழுந்தேன். திரும்ப ஏறினேன். திரும்ப விழுந்தேன். இப்ப அது மேல குந்தினாலே கால் ரெண்டும் வெடவெடங்குது நைனா."

"நான் கத்துக்குடுக்கறேன் மொதலாளி."

"இந்த வயசுலயா? பஜார்ல விழுந்தேன்னு வை, மூட்டை தூக்கறவன்கூடச் சிரிப்பான்."

"நான் ஓட்டறேன். பின்னால குந்துங்க."

"ஒண்டியா போவாருன்னு சொன்னவன் நீதானடா!"

அது உண்மை. நசருல்லா பேச்சை மாற்றினார். "அப்போ வித்துடுங்க," என்றார்.

"வித்தா பயந்துட்டான்னு சொல்லுவான் துளசிங்கம். வண்டி ரிப்பேர்ல கீதுன்னா யாரும் எதுவும் சொல்லலை. அதான்..." மண்டிக்காரர் பொட்டலத்தை மடித்தார். "உன்னைப் பத்தியும் நெனைச்சேன்டா. ராத்திரில தூக்கம் வரலை. ஆனா மறு நாள் காலைல எழுந்தா, வெல்லத்தைத்தான் எடுக்கறேன்."

நசருல்லா வெல்லப் பானை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பஜாருக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொதலாளிக்கு ஓட்டத் தெரியாது, வெல்லம் போட்டவர் அவர்தான். கொடுத்த பேச்சிலிருந்து விடுதலை, பேரும் நிற்கும், திங்கட்கிழமை வேலையும் கிடைக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே அந்தப் பெரிய மனிதர் வேட்டியை இறக்கவும் மறந்து நின்றார். ஊருக்கு முன்னால் எழுந்து நின்று பேசிவிட்டு, அதிலிருந்து இறங்க வழி தெரியாமல் நிற்கிறவனை நசருல்லாவுக்குத் தெரியும். அந்த ஆளோடுதான் அவர் ராத்திரி பகலாக வாழ்கிறார்.

"மொதலாளி, ஞாயித்துக்கெழமை சந்தை கூடுமில்ல? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டணும்."

"உன்னையா? இன்னான்னுடா?"

"வேலை தெரியாதவன்னு."

மண்டிக்காரர் வேட்டியை இறக்கிவிட்டார். "உனக்கு வேலை தெரியாதுன்னு எப்படிடா சொல்றது?" என்று கேட்டார். அவர் சொன்ன விதத்தில் நசருல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தும்மினதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நசருல்லா துளசிங்கத்தின் கடை எதிரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பெட்ரோல் குழாயை மூடி வைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க உதைத்தார். கூட்டம் சேர்ந்தது. பிறகு, வேலை கற்ற நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை வந்தது.

"முடியலைங்க. இந்த வண்டி என்னால ஆவாது."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. காது கேட்டது சரிதானா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மண்டிக்காரர் திட்ட ஆரம்பித்தார். "இவனை நம்பி... ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத பயல்..." என்று உரக்கத் தொடங்கியவருக்கு நடுவில் குரல் உடைந்தது. கோபத்தில் தொண்டை அடைக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

"அப்போ பாய், எல்லை தாண்டினா உன் பேரு நசருல்லா இல்லையே. இனிமே உன்னை இன்னான்னு கூப்பிடறது?" என்றார் துளசிங்கம். அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. சந்தைக்கு வந்த பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரிகள்கூட, எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

நசருல்லா தலையைக் குனிந்தபடி வண்டியைத் திரும்பக் கொட்டகைக்குத் தள்ளிப் போனார். அத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. டாங்க்கைக் கவிழ்த்து வெல்லத்தையெல்லாம் கழுவினார். கார்புரேட்டரைத் துடைத்தார். நல்ல பெட்ரோல் ஊற்றி, குழந்தையைப் போர்த்துகிற மாதிரி சாக்கைப் போட்டு மூடினார். ஒரே உதையில் கிளம்புகிற நிலையில் அது நின்றது. உதைக்கத்தான் ஆள் இல்லை. மண்டிக்காரர் அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கமே வரவில்லை. வண்டி செத்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னதை அவரே நிம்மதியாக நம்பிவிட்டார்.

அன்று மாலை ரயிலில் நசருல்லா கதவோரம் நின்றார். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அது பின்னால் போய்விட்டிருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்துத்தான் அரக்கோணம் வரும்வரை அழுதார்.

இவ்வளவையும் இதை எழுதியவன் திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்குப் போய் அவருக்கே படித்துக் காட்டினான். ஷெட்டிலிருந்து கரிக் கையோடு வந்த நசருல்லா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஜெர்மன்காரன் தோற்ற இடத்தில் "வாஸ்தவம்தான்" என்றார். ரயிலில் அழுத இடத்தில் மதீனா பீவி பக்கம் பார்க்கவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிடா. எல்லாம் நானும் மொதலாளியும் சொன்னதுதான். ஆனா வண்டியச் சரிபண்ணி வச்சிட்டு வந்ததை நான் இவகிட்டகூடச் சொல்லலை. மொதலாளிக்கும் தெரியாது. ஒரே உதையில கிளம்பும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"கற்பனைதான் பாய். கதைன்னா அப்படி இப்படி..."

"ஆங். அந்த வண்டியில சைலன்சர் வலது பக்கம். வேட்டியத் தூக்கி வலது காலைக் காட்டு."

கெண்டைக்காலில் இருந்த சூட்டுக் காயம் இன்னும் சரியாக ஆறியிருக்கவில்லை. நசருல்லா குனிந்து அதை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மதீனாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"எவ்ளோ தூரம்டா போச்சு?"