மழைச்சோறும் ஒரு குக்கரும்

மழை ஏமாற்றிய வருஷங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போவார்கள். போய், பொழுது சாய்வதற்குள் திரும்பியும் வந்துவிடுவார்கள். இதற்கு மழைச்சோறு எடுப்பது என்று பெயர். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிப் பிசைந்து, வற்றிப்போன குட்டைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒப்பாரி வைத்து அழுது, பிறகு ஆளுக்கொரு துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் எல்லைவரை நடக்க வேண்டும். மழை இல்லாத ஊரில் எங்களுக்கு என்ன வேலை, பிழைக்கப் போகிறோம் என்று வானத்துக்குச் சொல்லிக் காட்டுவது. எல்லையில் ஆண்கள் காத்திருந்து, மழை வந்துவிடும், வீட்டுக்கு வாருங்கள் என்று சமாதானம் சொல்லிக் கூட்டிவருவார்கள். பெண்கள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்புவார்கள். இதைப் பார்த்து வானத்துக்கு மனசு இளகும் என்பது ஏற்பாடு.

வானம் இளகியதற்குச் சாட்சி சொல்ல என்னால் முடியாது. ஆனால் நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் எடுத்த மழைச்சோறுக்கு நான்தான் முதல் சாட்சி, ஏனென்றால் சட்டியைத் தூக்கியது நான். சட்டியை வயசுக்கு வராத பிள்ளை ஒருத்தி தூக்க வேண்டும். அந்தப் பெருமையில் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தேன்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த நாளிலேயே வீட்டுக்கு ஒருவராவது திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். அந்த வேனைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் எங்கள் அப்பா. பூமிக்கு அடியில் தனக்கென்று ஓர் ஆறே ஓடுகிறது என்று அவர் நம்பினார். அது எந்த இடத்தில் ஓடுகிறது என்பதில்தான் அவருக்கும் பூமிக்கும் ஒத்துவரவில்லை.

தோட்டத்தில் ஆழ்குழாய் போட்டுப் பார்த்ததில் தண்ணீருக்குப் பதில் வெள்ளை மாவுதான் வந்தது. இன்னொரு மூலையில் போட்டார்கள், அங்கேயும் மாவு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. துளை போடுகிற போர் வண்டி வருகிற நாள் எனக்குத் திருவிழா. அந்தச் சத்தமும், புகைபோல் எழுகிற கல்மாவும், அதில் புரண்டு தலைமுடியெல்லாம் நரைத்துப்போய் வீட்டுக்கு வருவதும் வேறு எதில் கிடைக்கும்? அடுத்த வண்டி எப்போது வரும் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் அவர் கட்சிக்கு இருந்த ஒரே ஓட்டு என்னுடையதுதான்.

அம்மா எதிர்க்கட்சி. அவள் திருப்பூருக்குப் பக்கத்தில் வீரபாண்டியில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். ஒரு பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எங்கே இழை விட்டிருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவாள். அதே கண்ணால்தான் அவள் எங்கள் தோட்டத்தையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மறுபடி போர் போட வேண்டுமென்றால் இரண்டு மாடுகளையும் விற்றாக வேண்டும். மாட்டை விற்க வேண்டாம், நான் வேனில் வேலைக்குப் போகிறேன் என்றாள் அம்மா. என் வீட்டுப் பெண் வேனுக்கு நிற்பதா என்றார் அப்பா. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. சோறு போடுகிற தட்டின் சத்தத்தில்தான் அம்மாவின் பதில்கள் கேட்டன.

அப்பா அதற்குப் பிறகும் அசையவில்லை. திங்கட்கிழமை போர் வண்டி வரச் சொல்லியாகிவிட்டது, மாட்டுக்காரரும் அன்றே வந்து ஓட்டிப் போவார் என்று சுவரைப் பார்த்து அறிவித்தார். வண்டி வந்தால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மழைச்சோறு.

ஞாயிறு என்று வைத்ததே ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்றுதான். ஆனால் ஏதோ அவசர ஷிப்மெண்ட் என்று அன்றைக்கும் வேன் வந்து ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கம்பெனிக்குப் போகாத எங்கள் அப்பாவும் தோட்டத்தில் வேலை இருக்கிறது, வர முடியாது என்றுவிட்டார். போனால் போகட்டும், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எல்லையில் நின்று கூப்பிட்டால் போதும் என்று பெரியம்மா முடிவு செய்தாள். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. பெரியவர் காங்கேயத்தில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டு நேரத்தோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சோறு வாங்குவதெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. கம்பஞ்சோறு, ரேஷன் அரிசிச் சோறு, ஒரு வீட்டில் போட்ட லெமன் சாதம், இன்னொரு வீட்டில் மீந்துபோன சேமியா, எல்லாம் என் சட்டிக்குள் ஒன்றானது. அதன் ருசியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. குட்டைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, ஒப்பாரி தொடங்கினார்கள். அழுகை சரியாக வரவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தும்போது இன்னொருத்தி சிரித்துவிட்டாள். பிறகு மூட்டைகளை எடுத்துத் தலையில் வைத்தார்கள். மூட்டை என்றால் பழைய சேலைக்குள் வைக்கோல், கிழிந்த போர்வை, அவ்வளவுதான். வானம் பிரித்தா பார்க்கப்போகிறது?

அம்மாவின் மூட்டை மட்டும் பெரிதாக இருந்தது. அதைத் தூக்கித் தலையில் வைக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். என் பள்ளிக்கூடச் சட்டை அதற்குள் போனதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் அம்மா எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஊரை விட்டுப் போவதுபோலக் காட்ட வேண்டுமென்றால் அதையும் முழுசாகச் செய்வாள் என்று பெருமையாகத்தான் இருந்தது.

எல்லைக்கல் மெயின் ரோட்டு ஓரத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் ஒரு ஈ காக்கை இல்லை. பெரியவரைக் காணோம். கூப்பிடாமல் தாங்களாகத் திரும்பக் கூடாது, திரும்பினால் வருகிற மழையும் திரும்பிப் போய்விடும். ஆகவே அத்தனை பேரும் மொட்டை வெயிலில் மூட்டையோடு நின்றார்கள். பெரியம்மா செல்போனை எடுத்துப் பெரியவரை அழைத்தாள். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. நம் எல்லைக்கே இன்னும் வந்து சேரவில்லை, இதில் இவளுடைய எல்லை வேறா என்று பெரியம்மா திட்டினாள்.

பிறகு கம்பெனியில் இருந்த ஓர் ஆளைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடச் சொன்னார்கள். மிஷின் இரைச்சலுக்கு நடுவில் அவர், வாங்க வாங்க, சீக்கிரம் வாங்க, சூப்பர்வைசர் பாக்கறாரு என்று கத்தினார். இது செல்லுமா, செல்லாதா என்று பெரிய விவாதம் நடந்தது. நேரில் நின்று கூப்பிட்டால்தான் சாமிக்குக் கணக்கு என்று கடைசியில் தள்ளுபடி ஆயிற்று.

இந்தக் கலாட்டாவையெல்லாம் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற புளியமரத்தை நோக்கி நடந்தாள். மண்மேட்டில் ஏறும்போது மூட்டையின் முடிச்சு அவிழ்ந்தது. முதலில் குக்கர் மூடி விழுந்தது. சரிவில் உருண்டு, எல்லைக்கல்லில் மோதி, பெரியம்மாவின் காலடியில் போய்ப் படுத்தது. பின்னாலேயே குக்கர், என் சட்டை, அம்மாவின் நல்ல சேலைகள்.

பெரியம்மா மூடியைக் கையில் எடுத்துத் தூசி தட்டினாள். சற்றுத் தள்ளிப் போய் எங்கள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அவ குக்கர எடுத்துட்டு வந்திருக்கறா. கெளம்பி வா."

அவ்வளவுதான் சொன்னாள். குக்கருக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் திருப்பூர் பஸ் வந்து நின்றுவிட்டது. அம்மா சேலைகளை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா மூடியைக் கொடுக்காமல் பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டாள்.

"ஏனுங்க, இது தாராபுரம் போகுமுங்களா?"

போர்டைப் பாருங்க என்றார் கண்டக்டர். கண்ணு தெரியாதுங்க என்றாள் பெரியம்மா. எறும்புக்குக் காது குத்துகிற கண் அவளுக்கு. மூலனூர் போகுமா, கரூர் போகுமா என்று அந்த பஸ் போகாத ஊர்களாகப் பார்த்து விசாரித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறறதுன்னா ஏறுங்க, இல்லீன்னா உடுங்க என்று கண்டக்டர் கும்பிட்டார். அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவை ஒதுக்கிவிட்டுப் படியில் காலை வைத்தாள். அப்போதுதான் காட்டு வழியில் புழுதி கிளம்பி, அப்பாவின் மொபெட் தெரிந்தது.

அவர் நீரோட்டம் பார்க்கிறவரோடு தோட்டத்தில் இருந்திருக்கிறார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தால், தண்ணீர் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கும் என்பார்கள். அந்தத் தேங்காய் அப்பாவின் கையிலேயே இருந்தது, வந்த வேகத்தில் கீழே வைக்க மறந்திருப்பார் போல. மொபெட்டை ரோட்டிலேயே போட்டுவிட்டு வந்து எல்லைக்கல்லுக்கு அந்தப்புறம் நின்றார். இரைத்த மூச்சு அடங்கவே நேரம் பிடித்தது. சடங்கில் ஆண்கள் சொல்ல வேண்டியதைத்தான் அவரும் சொன்னார்.

"மழ வந்துரும். ஊட்டுக்கு வாங்க."

மற்றப் பெண்கள் அப்பாடா என்று மூட்டைகளை இறக்கினார்கள். அம்மா நகரவில்லை. அப்பா தேங்காயைப் பார்த்தார். பிறகு, சடங்கில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"போர் வண்டிய வர வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

"மாடு?" என்றாள் அம்மா.

"மாடு எங்கீயும் போகாது."

"நான் வேலைக்குப் போவேன்."

"போ. ஆரு வேண்டாங்கறா?" என்றார் அப்பா, அத்தனை நாளும் வேண்டாமென்றது வேறு யாரோ என்பதுபோல.

அம்மா படியிலிருந்து காலை எடுத்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னல் வழியாகத் தலைகள் நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க பஸ் போயிற்று. அம்மா மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அதைப் பார்த்துப் பெரியம்மா அழுதாள், பிறகு எல்லோரும். குட்டைக்குள் எவ்வளவு முயன்றும் வராத அழுகை ரோட்டோரத்தில் தாராளமாக வந்தது. நானும் தேம்பித் தேம்பி அழுதேன். போர் வண்டி வராது என்ற செய்தியை என்னால் தாங்க முடியவில்லை. சட்டி தூக்கின பிள்ளை இப்படிக் கண்ணீர் விட்டால் மழை நிச்சயம் என்று பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

நீரோட்டம் பார்த்த தேங்காயை மறுநாள் உடைத்து அம்மா சட்னி அரைத்தாள். தோசை வைத்துக்கொண்டு அப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கினார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சட்னியை நினைத்தால் வயிறும் மனசும் நிறைந்துவிடும்.

மழை பெய்ததா என்று கேட்பீர்கள். பெய்தது, அதுவும் ஐப்பசி வரை காக்க வைத்துவிட்டு, கொஞ்சமாக. தோட்டத்தை உழாமல் புல்லுக்கு விட்டார் அப்பா. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் எழுந்தது, மாடுகள் பிழைத்துக்கொண்டன. அம்மா வேனில் போய் வந்தாள். இருட்டில் வேன் வந்து நிற்கும்போது அப்பா டார்ச்சோடு போய் நிற்பார். குக்கர் மட்டும் அதற்குப் பிறகு ஒழுங்காக விசில் அடிக்கவில்லை, பக்கவாட்டில் புஸ்ஸென்றது. புதிது வாங்கலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது நானும் திருப்பூரில் ஒரு கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். மழை ஏமாற்றுகிற வருஷங்களில் ஊரில் இன்னும் மழைச்சோறு எடுக்கிறார்கள், நானும் லீவு போட்டுவிட்டுப் போவேன். ஆண்கள் வந்தாலும் வராவிட்டாலும் அப்பா தவறுவதே இல்லை. பெண்கள் குட்டையில் சோறு பிசையத் தொடங்கும்போதே அவர் போய் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். யாராவது நிழலுக்குக் கூப்பிட்டாலும், அம்மாவின் மூட்டை கண்ணில் படும்வரை வர மாட்டார். மழைமேல் மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் ரொம்ப காலம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.