மாமனார் மலையேற்றி வந்த கார்

பானெட்டைத் தூக்கி நிறுத்திய ஒரு சின்ன நீலக் கார், அதிலிருந்து கிளம்பும் ஆவி, பக்கத்துக் கட்டைச்சுவரில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர். என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது இந்தக் காட்சிதான். கொல்லிமலைச் சாலையின் வளைவு ஒன்றில் அன்று நான் வேனை நிறுத்தி இறங்கியபோது, அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போல மரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு ஊர் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் மலைமேலிருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தாள். நான் அதே மலையில் குண்டூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்தவன். மிளகும் மரவள்ளியும் எங்கள் விவசாயம், கூடவே வாடகைக்கு ஓட்ட ஒரு சரக்கு வேன். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. மலைக்குப் பெண் கொடுப்பது அவர் வீட்டார் நினைத்தும் பார்த்திராத காரியம். மாமியார் இறந்தபோது போய் நின்றோம். மகளிடம் இரண்டொரு வார்த்தை பேசினார். நான் நின்ற பக்கம் அவர் கண் வரவே இல்லை.

மனைவி எட்டு மாதம் சுமந்திருந்தபோது ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அசையாமல் படுத்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு நாள் நெருங்கும்வரை மலை ஏறி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், மாமியார் இருந்த காலத்தில் கோயில் குளம் போக வாங்கிய பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறிவிட்டார். வழியில் கார் கொதித்து நின்றதைப் பார்த்த பஸ் டிரைவர் விவரம் கேட்டு, செம்மேட்டில் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொல்ல, அங்கிருந்து என் மனைவிக்குப் போன் வந்தது.

“ஏனுங்க, அப்பா வாராருங்களாமா! பாதி மலையில நிக்கிறாராமா, சீக்கிரம் போங்க!” என்று படுத்தபடியே கத்தினாள். எவ்வளவோ நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

வளைவில் அவர் அருகே போய், “வேன்ல வாங்க மாமா. காரை அப்புறமா ஆள் கூட்டி வந்து எடுத்துக்கலாமுங்க” என்றேன்.

“காரை உட்டுப்போட்டு வரமாட்டேன்” என்றார் மரத்தைப் பார்த்து.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. நான் கார் மெக்கானிக் இல்லை. மூட்டை கட்ட வேனில் வைத்திருந்த சைக்கிள் டியூப்பை வெடிப்பின்மேல் இறுக்கிச் சுற்றினேன். அவர் சூடு ஆறும்வரை காத்திருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். அவர் முன்னால் ஓட்ட, நான் பின்னால் போனேன். நின்று நின்று தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம். வாசற்படியில் நின்று மகளைப் பார்த்தார். “என்ன கண்ணு, இப்பிடி எளச்சுட்ட?” என்று கேட்டபடியே கட்டிலோரம் போய் உட்கார்ந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மிளகு காயப்போட்டிருந்த இடத்துக்குப் போய்விட்டேன்.

“கார் சரியானதும் கெளம்பிருவேன்” என்று அவளிடம் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க, மெதுவாவே சரி பண்ணுங்க” என்றாள்.

மெதுவாகச் செய்ய நான் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை. செம்மேட்டு மெக்கானிக் ஜீப்பும் வேனும் பார்ப்பவர். அந்தக் காருக்கான குழாய் நாமக்கல்லிலிருந்து வரவேண்டும் என்றார். அது வருவதற்குள் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் தேய்ந்து கிடந்தது. இதோடு அவர் மலை இறங்கியிருந்தால் எந்த வளைவிலும் கார் நின்றிருக்காது. பிரேக்கை மாற்றியபின் அதன் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். பேசாமல் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

“மிதிங்க மாமா.”

“மிதிச்சுட்டன்.”

“அப்பிடியே புடிங்க… உடுங்க.”

“காத்து போயிருச்சுங்களா?”

“இன்னும் வருதுங்க. மறுக்கா மிதிங்க.”

ஒரு முற்பகல் முழுதும் இதையே பேசினோம். பிரேக் எண்ணெய் குறைந்ததைப் பார்க்காமல் விட்டு மறுபடி காற்றுப் புகுந்து, முதலிலிருந்து தொடங்கினோம். ஜன்னலோரம் படுத்திருந்த மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி அவரும் நானும் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

நாமக்கல்லிலிருந்து ரேடியேட்டர் குழாய் வந்தது, மாட்டினோம். கார் ஓடியது. மறுநாள் காலை அவர் பையை எடுத்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார், சத்தமே இல்லை. பானெட்டைத் திறந்தேன். பேட்டரி ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்து கிடந்தது. முந்தின சாயங்காலம் நானே ஸ்பேனர் போட்டு முறுக்கியது. நின்ற வண்டியில் அது தானாகக் கழலாது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார்.

எனக்குப் புரிந்தது. இருக்கட்டுமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இருங்கள் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. பானெட்டை மூடினேன். “இன்னும் கொஞ்சம் வேல இருக்குதுங்க மாமா” என்றேன். “அவசரமில்ல” என்றார். பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதன்பின் அந்தக் காரில் யாரும் எதையும் சரிசெய்யவில்லை. தினமும் துடைத்து மட்டும் வைத்தார்.

வலி நாளுக்கு முன்பே வந்துவிட்டது. மத்தியானம். கண் மங்குகிறது என்றாள். ரத்த அழுத்தம் எல்லை மீறி வலிப்பு வரப்போகும் அறிகுறி அது என்று நர்ஸான அவளுக்குத் தெரிந்திருந்தது. இதற்குச் செம்மேட்டில் வசதி இல்லை, நாமக்கல் போய்விடலாம் என்றாள். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. என் வேனில் பின்னால் மூட்டை ஏற்றும் தட்டுதான், அவளைப் படுக்கவைக்க வழியில்லை. போனைப் பிடித்துக்கொண்டு யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பானெட்டை மூடும் சத்தமும் கார் கிளம்பும் சத்தமும் கேட்டன. உள்ளே வந்து, என் கண்ணை நேராகப் பார்த்து, “கார் ஓடுது. வாங்க மாப்பிள்ளை” என்றார்.

சாவியை என் கையில் கொடுத்தார். அந்தக் காரின் ஸ்டியரிங்கை அதுவரை வேறு யாருக்கும் அவர் கொடுத்ததில்லை. “நீங்களே ஓட்டுங்க. இந்த ரோடு உங்களுக்குத்தான் தெரியும்” என்று பின்னால் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

எத்தனையோ முறை இறங்கிய சாலை. அன்று ஒவ்வொரு வளைவும் புதிதாக இருந்தது. கியரைக் குறைத்தே வைத்து, வளைவில் மட்டும் பிரேக்கைத் தொட்டேன். தொட்டபோதெல்லாம் அது பிடித்தது. பாதி வழியில் அவள் முனகல் நின்றுவிட்டது. “சாமி, கண்ணத் தொறந்து பாரு. அப்பனப் பாரு” என்று அவர் விடாமல் பேசினார். அடிவாரம் வந்து சமவெளி தெரிந்ததும், “இனிமே மிதிங்க மாப்பிள்ளை” என்றார்.

அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் தாமதமாகியிருந்தால் இருவரையும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் என் தோளில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் மாமனார்.

கிளம்புவது பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் காரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயில் பார்ப்போம், பிளக் துடைப்போம், ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உண்டாக்குவோம். என் அப்பாவை நான் சிறுவயதிலேயே இழந்தவன். அந்தக் காலைகள் எனக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். போன ஐப்பசி மழையில் அவர் காலமானார்.

கார் இன்னும் ஓடுகிறது. உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம், கொடுத்துவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். சென்ற வாரம் பிரேக்கைப் பார்த்தோம். மனைவி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்திருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கி வைத்தாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவான அவளுடைய அப்புச்சி மலைக்காரர் இல்லை, கீழிருந்து வந்தவர் என்று வகுப்பில் யாரோ சொன்னார்களாம்.

“அப்புச்சிக்கு எந்த ஊருங்கம்மா?” என்று கேட்டாள்.

பெடலிலிருந்து காலை எடுக்காமல் மனைவி சொன்னாள்: “இந்த ஊருதான் கண்ணு.”