சர்வர் மேல் போட்ட பழி

போன வருடம் சித்திரை மாதம், விருத்தாசலத்தில் நான் நடத்தும் ஆன்லைன் சென்டரில் நடந்தது இது. சென்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பீங்கான் பட்டறை. காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், அத்தனை வெள்ளைத் தூசி.

பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனதும் டிபன் பாக்ஸ் அளவே உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். இடத்தை அடைக்காது, கரன்ட் அதிகம் இழுக்காது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. இதில் மெமரி போர்டோடு சேர்ந்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது, இப்போதே எட்டு ஜிபி உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், தூசி உள்ள இடமென்றால் மாதம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யுங்கள் என்றார். ஃபாரம் நிரப்பத்தானே, நாலு ஜிபி போதும் என்று விலை குறைந்ததை எடுத்து வந்தேன். மிச்சமானதில் கலர் பிரிண்டர் வாங்கினேன். சுத்தம் செய்யச் சொன்னதை மறந்தே போனேன்.

ஆறே மாதத்தில் அது திணற ஆரம்பித்தது. இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். வெயில் ஏற ஏற இன்னும் மோசம். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் என் கம்ப்யூட்டர் சரியில்லை என்று சொன்னால் வந்தவர் எதிரே இதே வேலை செய்யும் கடைக்குப் போய்விடுவார். அதனால் சர்வர் ஸ்லோ என்பேன், நாளைக்கு வாங்க என்பேன். யாரும் மறுத்துக் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேனோ, கடை மூடும்போது எனக்கே அலுத்துப்போயிருக்கும்.

அன்று மதியம் ஒரு பெண் வந்தார். முப்பதைத் தாண்டிய வயது. பின்னாலிருக்கும் பட்டறையில் சூளைக்குள் பொருள் அடுக்குகிறவர். இதே மாவட்டத்தில் உள்ள மங்களூர் கிராமத்துப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு நேரம் முடிகிறது. சான்றிதழே அன்று காலையில்தான் கைக்கு வந்ததாம். இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும் என்றார்.

விவரமெல்லாம் அடித்து, சான்றிதழை ஏற்றும்போது திரை நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் நின்றபோது நான் வழக்கமானதைச் சொன்னேன். அவர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, சர்வருன்னா இந்தப் பொட்டி எதுக்கு இப்படிக் கொதிக்குது?" என்றார்.

அவர் பெட்டியைத் திருப்பி, காற்றுப் போகும் ஓட்டைகளைப் பார்த்தார். "எங்க பட்டறை மண்ணுதாங்க அடைச்சினு இருக்குது" என்றார். கம்ப்யூட்டரை நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அடி மூடியைக் கழற்றினேன். ஃபேன் மேல் கம்பளி மாதிரி தூசி. அடுக்குவதற்கு முன் பீங்கானைத் தூசி தட்டும் பிரஷ் அவர் பையில் இருந்தது. ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பக்குவமாகத் தட்டி எடுத்தார்.

சூடு குறைந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனது. ஓடிபி கேட்கும் பக்கம் வந்ததும் மறுபடி நின்றது. தூசியை அவரால் எடுக்க முடிந்தது, நான் வாங்காமல் விட்ட மெமரியை யாரால் உள்ளே வைக்க முடியும்? மணி நாலரை தாண்டியிருந்தது. அவர் கை தாலிச்சரட்டைத் திருகிக்கொண்டே இருந்தது.

"சர்வரு நல்லாத்தாம்மா இருக்குது. என் கம்ப்யூட்டருதான் சரியில்ல. வா, எதுத்த கடைக்குப் போவலாம்" என்றேன்.

எதிர்க்கடைக்காரரும் நானும் பேசி இரண்டு வருடம் இருக்கும். உள்ளே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். விஷயத்தை, என் பொய்யையும் சேர்த்து, எல்லோர் எதிரிலும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் காகிதங்களை வாங்கிக்கொண்டார். காத்திருந்தவர்களும் இடம் விட்டார்கள். நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் பிரிண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல், "மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நானே போயிருப்பேங்களே அக்கா" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தார்.

அவருக்கு வேலை கிடைத்ததா என்று தெரியாது. பட்டறையில் கேட்டேன், இப்போது வருவதில்லை என்றார்கள். அதே பெட்டிதான் இன்னும் என் மேஜையில் இருக்கிறது, மாற்ற வசதிப்படவில்லை. அவசரமென்று வருகிறவர்களை நானே எதிர்க்கடைக்குக் கைகாட்டிவிடுகிறேன். ஆனால் அது திணற ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பெண் வந்த நாள் வரை, என் பேச்சை நம்பி எழுந்து திட்டக்குடிக்கும் வேப்பூருக்கும் பஸ் ஏறிப் போனவர்களில் எத்தனை பேருக்கு அன்று கடைசி நாளோ, அதை மட்டும் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாமல் இருக்கிறேன்.