போடிமெட்டு ஜீப்பின் முன்சீட்டு

சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு ரயில் உண்டு. இரவில் ஏறினால் காலை பத்து மணிவாக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. நடைமேடையில் இறங்கி நிமிர்ந்தால் எதிரே மலைதான். என் மூன்று வயது மகள் நிலா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ரயிலுக்கு முன்னாடி மலை உக்காந்திருக்குப்பா” என்றாள். ஊரைப் பற்றி நான் எழுத நினைத்த முதல் வாக்கியத்தை அவளே சொல்லிவிட்டாள்.

இந்தப் பயணத்தில் வேலையாக வந்தவள் என் மனைவி தேன்மொழி. சென்னையில் ஒரு மசாலாக் கம்பெனிக்கு ஏலக்காய் வாங்குவது அவள் வேலை. நான் பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். எங்கே உட்கார்ந்தாலும் என் வேலை நடக்கும். அதனால் நிலாவையும் பதினோரு மாத ஆதியையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஆதி இன்னும் தாய்ப்பால்தான். சோறு, இட்லி எல்லாம் விளையாட்டுக்குத் தொடுவான். பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான்கு விதமான பாட்டில் வாங்கிப் பார்த்துத் தோற்றுவிட்டோம்.

பிரசவ விடுப்பு முடிந்து தேன்மொழி ஊர் தாண்டி வரும் முதல் கொள்முதல் இது. அவளுடைய மேலாளர் நல்ல மனிதர்தான். “முடியலைன்னா சொல்லும்மா, ஆபீசுலயே ஒரு சீட் போட்டுடலாம்” என்று கனிவாகச் சொல்லியிருந்தார். அந்தக் கனிவு அவளை நாள் கணக்காகத் தூங்கவிடவில்லை. காயைக் கையில் வாங்கி, கடித்து, முகர்ந்து விலை சொல்வதில் ஒன்பது வருடம் பழகியவள். ரயிலில் என்னிடம் சொன்னாள்: “இந்த ஒரு தடவை பாப்போம். பிள்ளைங்க தவிச்சுப் போனாங்கன்னா, போனதும் அந்த சீட்டைக் கேட்டு வாங்கிக்கிறேன்.” ஆகவே போடியில் பிள்ளைகள் தவிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி. இரட்டைப் படுக்கை அறை, நாளுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். தேன்மொழி பையை வைத்த கையோடு வியாபாரிகளின் சரக்குக் கிட்டங்கிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். விடுதிக்காரர் என் இடுப்பில் இருந்த ஆதியையும், காலைப் பிடித்துக்கொண்டிருந்த நிலாவையும், தெருவில் ஆட்டோ ஏறும் தேன்மொழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவுக சோலிக்குப் போறாக, நீங்க பிள்ளைகளப் பாக்குறீகளா அப்பு?”

“ஆமாண்ணே.”

“நல்லதுதான். எத்தன நாளைக்குத் தாங்குவீக?” என்று சிரித்தார். அவருக்கே மூன்று பிள்ளைகளாம். ஒன்றையாவது குளிப்பாட்டியதுண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு படியேறினேன்.

மாலையில் அணைப்பிள்ளையார் தடுப்பணைக்குப் போனோம். கொட்டகுடி ஆறு மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வருமுன் கொஞ்சம் நின்று போகிற இடம். போக வர ஆட்டோவுக்கு முந்நூறு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாறை வழுக்கும், ஓரத்துத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆதி என் விரலைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றான். குளிர் ஏறியதும் ஒரு காலைத் தூக்கினான், விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கீழே வைத்தான், மறுபடி தூக்கினான். அரை மணி நேரம் எங்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குத் தேன்மொழியை ஏலக்காய் ஏலம் விடும் கூடத்தில் விடப் போனோம். ஏலம் தொடங்குமுன் மாதிரி பார்க்கும் நேரம் என்பதால் வாசல்காரர் எங்களையும் ஐந்து நிமிடம் உள்ளே எட்டிப் பார்க்க விட்டார். வியாபாரிகள் வரிசையாகக் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விலை கேட்பது கணினியில். காயைச் சோதிப்பது மட்டும் இன்னும் கையில்தான். சின்னத் தட்டில் மாதிரிக் காய் வரும். ஒரு பிடி அள்ளுவார்கள், உருட்டுவார்கள், ஒன்றைப் பிளந்து பார்ப்பார்கள். பிறகு கையில் இருப்பதை அப்படியே தரையில் போட்டுவிடுவார்கள். தரையெங்கும் பச்சை ஏலக்காய். நடந்தால் செருப்புக்கடியில் நொறுங்கி மணம் எழும்புகிறது. முடிந்ததும் கூட்டி அள்ளிக்கொள்வார்களாம்.

சோற்றைக் கீழே போடாதே என்று தினமும் மூன்று வேளை திட்டு வாங்கும் நிலாவுக்கு இது சொர்க்கம். ஒரு தட்டில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள், முகர்ந்தாள், பெரிய மனுஷியாக உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தரையில் வீசினாள். பக்கத்து வியாபாரி, “ஆத்தா, உனக்கும் பிடிக்கலையா? அப்ப நானும் வாங்கல” என்றார். கூடமே சிரித்தது. தேன்மொழி சிரிக்கவில்லை. பிள்ளைகளோடு வந்த பெண் என்று தன்னை எடைபோடுவார்களோ என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. நான் நிலாவை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து ஆதிக்குப் பால் கொடுத்தாள். அவள் வாங்க வந்த சரக்கு பிற்பகல் சுற்றில்தான் வரும். முடிய ஆறு மணி ஆகும். நாலரைக்குத் தேநீர் இடைவேளை, அப்போது பத்து நிமிடம் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. “நாலரைக்குள்ள வந்துடுங்க” என்று இரண்டு முறை சொன்னாள்.

ஒன்றரை மணிக்குப் போடிமெட்டுக்குக் கிளம்பினோம். இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஜீப்புக்குப் போய்வர ஆயிரத்து எண்ணூறு. ஓட்டுநர் செல்வம், முப்பது வயதுக்காரர். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போவது அவருடைய வாடிக்கை. நடுப்பகலில் எங்களைப் போன்றவர்கள். முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஏழாவது வளைவில் ஆதி வாந்தி எடுத்தான். மதியம் குடித்தது அத்தனையும் என் சட்டையில். “மொத மொற ஏறுற எல்லாப் பிள்ளையும் எடுக்கும்ணே” என்று செல்வம் துணி எடுத்துக் கொடுத்தார்.

மேலே போனதும் எல்லாம் சரியானது போலத்தான் இருந்தது. போடிமெட்டில் மேகம் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. எல்லைச் சாவடியை ஒட்டித் தேநீர்க் கடைகள். ஒரு கடைக்காரர் நிலாவைப் பார்த்து, “வா மோளே, இவிடெ உக்காரு” என்று தமிழும் மலையாளமுமாகக் கூப்பிட்டு, பழம்பொரியை ஊதி ஊதிக் கையில் கொடுத்தார். தேநீர் பதினைந்து ரூபாய், ஏலக்காய் போட்டது. சரிவில் மரநிழலுக்குக் கீழே ஏலச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. காய் செடியின் தலையில் இருக்காது, தூரில் தரையோடு படர்ந்த கொத்துகளில் இருக்கும். எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்கவேண்டும். ஆதிக்கு அரைப் பழம் ஊட்டினேன். அதையும் கக்கினான்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். கால் மணி நேரத்தில் ஜீப் நின்றுவிட்டது. கீழே ஒரு வளைவில் லோடு லாரி திரும்ப முடியாமல் அச்சு முறிந்து குறுக்கே கிடக்கிறதாம். முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், பின்னால் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. ஆதி முதலில் சிணுங்கினான். நாலு மணிக்கு வீரிட்டான். தண்ணீரைத் துப்பினான், பிஸ்கட்டைத் தட்டிவிட்டான். என் சட்டைப் பொத்தானை வாயால் தேடினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் நடந்தேன். கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. கட்டைச்சுவருக்கு அப்பால் போடி ஊர் முழுக்க வெயிலில் தெரிந்தது. அதில் எந்தக் கூரைக்கடியில் அவன் அம்மா இருக்கிறாள் என்று தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வம் லாரி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஒன்றர மணி நேரம் ஆகும்ணே. கிரேன் வரணும்.” அழுகிற பிள்ளையைப் பார்த்தபடி கொஞ்சம் தயங்கினார். “தப்பா நெனைக்காதீக. முன்னாடி நிக்கிறது தோட்டத்து ஜீப்பு. சாயங்காலம் எறங்குற மொத ஜீப்புன்னா முன்சீட்டு பிள்ளைக்காரிக்குத்தான். கைப்பிள்ளய வீட்டுல விட்டுட்டு வர்றவகள வெரசா எறக்கிவிட்ரணும்னு நாங்க டிரைவருக எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்கோம். கேட்டுப் பாக்கவா?”

அவர் என்ன கேட்கிறார் என்று புரியவே எனக்கு ஒரு கணம் பிடித்தது. அதற்குள் தொலைபேசி அடித்தது. தேன்மொழி.

“எங்க இருக்கீங்க? நான் ரூமுக்கு வந்துட்டேன்.”

சொன்னேன். ஆதியின் குரல் அவளுக்குக் கேட்டது. “நான் வண்டி பிடிச்சு வர்றேன்” என்றாள்.

“வந்தாலும் ரோடு அடைச்சுக் கிடக்கு. அந்தப் பக்கம்தான் நிப்ப. உன் சரக்கும் போயிடும்.” பிறகு செல்வம் சொன்னதைச் சொன்னேன். என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.

“அவங்களுக்கு மனசு இருந்தா குடுக்கச் சொல்லுங்க” என்றாள். “நான் கூடத்துக்குப் போறேன்.” போகிறேன் என்று சொன்னவளின் மூச்சு சரியாக இல்லை.

தோட்டத்து ஜீப்பின் முன்சீட்டில் இருந்தவள் பெயர் ஈஸ்வரி. இருபத்தைந்து வயது இருக்கலாம், போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. விரல்களில் காய் எடுத்த கறை கறுப்பாக ஏறியிருந்தது. செல்வம் பேசி முடிக்குமுன்பே இறங்கி வந்துவிட்டாள். ஆதியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “காச்சல், சளி ஒண்ணும் இல்லையேண்ணே? எம்மகளுக்கு ஒட்டிரக் கூடாது.” இல்லை என்றேன். வாந்தி வளைவினால்தான் என்று செல்வம் சாட்சி சொன்னார்.

“கொண்டாங்க” என்று கையை நீட்டினாள்.

அவள் ஜீப்பில் ஏறி உட்கார, உள்ளே இருந்த பெண்கள் ஒரு துண்டை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். நான் நிலாவோடு பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அழுகை இன்னும் இரண்டு முறை எழுந்தது. புது வாசம் அல்லவா, முரண்டு பிடித்திருப்பான். பிறகு அடங்கியது. அத்தனை வண்டிகளும் இரைந்துகொண்டிருந்த சாலையில் எனக்கு அந்த அமைதி மட்டும்தான் கேட்டது. நான் அழுதேன். செல்வம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

“தம்பி யார்கிட்ட பால் குடிக்கிறான்?” என்றாள் நிலா.

“அத்தைகிட்ட” என்றார் செல்வம், நான் யோசிக்குமுன்.

கொஞ்ச நேரத்தில் ஆதி மறுபடி சிணுங்கினான். மறைப்புக்குள்ளிருந்து ஈஸ்வரியின் குரல்: “போதும்டா ராசா. இந்தப் பக்கம் எம்மக யாழினிக்கு. அவளும் உன்ன மாதிரிதான் பாத்துக்கிட்டுக் கெடப்பா.” கொஞ்சலாகத்தான் சொன்னாள், ஆனால் அதில் மாற்றமில்லை என்பது தெரிந்தது. ஆதியை முதுகில் தட்டி, ஏப்பம் வரவைத்து, என்னிடம் தந்தாள். பாதி தூக்கத்தில் இருந்தான்.

ஆறு மணிக்குச் சாலை திறந்தது. முந்தலில் தோட்டத்து ஜீப் எங்களுக்கு முன்னால் நின்றது. அங்கே ஒரு பெண் கைப்பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள், ஈஸ்வரியின் நாத்தனாராம், ஜீப் தாமதமென்று பிள்ளையை அங்கேயே கொண்டுவந்துவிட்டாளாம். பிள்ளை முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. ஈஸ்வரி ஜீப் நிற்குமுன்பே குதித்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு மூடியிருந்த கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். எங்களைக் கவனிக்கவில்லை. நான் நன்றி சொல்ல இறங்கப் போனேன். செல்வம், “இப்ப வேணாம்ணே, பிள்ள குடிக்கட்டும்” என்று வண்டியை எடுத்துவிட்டார்.

தேன்மொழி விடுதி வாசலிலேயே நின்றாள். சரக்கு கிடைத்ததா என்று நான் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ஆதியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அறைக்குப் போய் அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே முதலில் கேட்டது: “அவங்க பொண்ணுக்கு மிச்சம் இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஒரு பக்கம்தான் இவனுக்குக் குடுத்தாங்க. இன்னொண்ணு எம்மகளுக்குன்னு நிறுத்திட்டாங்க.”

ஆதியைத் தூங்கப் போட்டாள். பிறகு மேலாளரை அழைத்தாள். அந்த ஆபீஸ் சீட்டைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்து நான் நிலாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். “சார், நெனச்ச காய் கிடைச்சிடுச்சு. அடுத்த மாசமும் நானே வர்றேன்” என்றாள். அவள் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. அப்படி அவள் பேசிக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் இரவு எட்டரை மணி ரயிலில் திரும்பினோம். எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதற்குள் நான் மூன்று முறை யோசிப்பேன். ஒரு மலைச்சாலையில், அதுவரை பெயர்கூடத் தெரியாத பெண்ணிடம், என் பிள்ளைக்குப் பால் கேட்டு நின்றிருக்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தேன்மொழி இருட்டில் கேட்டாள்: “நமக்கு முடியலைன்னா ஆபீசுல ஒரு சீட் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு என்ன இருக்கு?”

“ஜீப்புல முன்சீட்டு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.